மாப்பிள்ளை போட்ட லினக்ஸும் விட்டு விட்டு ஓடிய லாரியும்

தி.நகர்,
புதன்கிழமை

பெருங்குடியில் குடியிருக்கும் மதிப்பிற்குரிய மாப்பிள்ளை முத்துகிருஷ்ணன் அவர்களுக்கு, மாமனார் சண்முகவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை புஷ்பமும் செந்திலாண்டவன் கிருபையில் சௌக்கியம். தீபாவளி வியாபாரம் முடிந்து கடையும் சௌக்கியம். அங்கு தாங்களும் என் மகள் பூஜாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் அந்த வார்த்தையை அவ்வளவு லேசாக எழுதிவிட என் கை வரவில்லை. அதை முன்னிட்டே இக்கடிதம்.

வீட்டுக்கு வீடு போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்காக ஆபீஸ் முகவரிக்குக் கூரியரில் கடிதம் அனுப்புகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். காரணம் என் மகள். மெஷின் கோளாறை நாம் போனில் பேசிக்கொண்டாலும், என் மனக்குறையை அவள் வழியாகத்தான் சொல்லி அனுப்பினேன். இந்த மூன்று வாரமாக நான் தங்களுக்குச் சொல்லச் சொன்ன எதையும் அவள் சொன்னபடி சொல்லவில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிய வந்தது. "உன் வீட்டுக்காரர் போட்ட லினக்ஸைக் கொண்டுபோய் அடையாத்துல போடச் சொல்லு" என்று நான் சொன்னதை, "அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சுங்க, சின்னச் சின்ன சந்தேகம்தான்" என்று தங்களிடம் சொல்லியிருக்கிறாள். தாங்கள் சொன்னதையும் என்னிடம் அப்படித்தான் பூ வைத்துப் பொட்டு வைத்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். நடுவில் இருப்பவர்கள் இவ்வளவு நல்லவர்களாக இருந்தால் எந்தக் கோளாறும் தீராது. ஆகையால் நானே நேரடியாக, மரியாதை குறையாமல், என் மனவருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் குறைதான்.

நான் விளையாட்டுப் பைத்தியம் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் கடை வேனை நானே ஓட்டிக்கொண்டு போய்த் துணி எடுத்து வந்தவன். போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். வீட்டு வாசலில் நின்ற காரையும் என் மகன் எடுத்துக்கொண்டு போய் வேறு கையில் கொடுத்துவிட்டான். அப்போது நான் இருந்த இருப்பைப் பார்த்துத்தான் பூஜா ஒரு ஸ்டியரிங்கும் மூன்று பெடலும் வாங்கி வந்து கம்ப்யூட்டரில் மாட்டி, அந்த லாரி ஓட்டுகிற கேமைப் போட்டுக் கொடுத்தாள். சின்னப் பிள்ளை விளையாட்டு என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். கியர் மாற்றினேன். ரோடு ஓடிச்சு. மாப்பிள்ளை, அந்த ரோடு ஓடினப்போ எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எழுதத் தெரியலை. விட்டுடுவோம்.

பிறகு எங்க கடைக்குப் பக்கத்துல சூட்கேஸ் கடை வச்சிருந்த அப்துல் கய்யூம் பாயும் சேர்ந்துகிட்டார். அவரும் கடையை மக ரூபீனாகிட்ட விட்டுட்டு சைதாப்பேட்டை வீட்டுல சும்மாதான் இருந்தார். சாயங்காலம் ஆனா நான் இங்க ஹெட்போனை மாட்டிக்கிடுவேன், அவர் அங்க மாட்டிக்கிடுவார். ரெண்டு லாரியும் முன்னும் பின்னுமா ஐரோப்பா பூரா லோடு ஏத்திக்கிட்டுப் போகும். பேசிக்கிட்டே போவோம். முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கடையில உட்கார்ந்திருந்தப்போ நாங்க இவ்வளவு பேசினது கிடையாது, கஸ்டமர் வந்துகிட்டே இருப்பாங்க. ஜெர்மனி ரோட்ல கஸ்டமர் கிடையாது.

இப்படி நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியைத்தான் தாங்கள் பார்த்தீங்க. "மாமா, இந்த மெஷினுக்கு இனிமே பாதுகாப்பு அப்டேட் வராது. புது விண்டோஸ் இதுல ஏறவும் ஏறாது. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுத் தரேன். நம்ம மெஷின், நம்ம இஷ்டம், யாரும் நம்மளைக் கேள்வி கேக்க முடியாது"ன்னு சொன்னீங்க. மாப்பிள்ளை வாயைத் திறந்து இந்த வீட்டுல பேசினதே கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. சந்தோஷத்துல நானும் சரின்னுட்டேன். சிபியு பெட்டியைக் கார்ல வச்சுப் பெருங்குடிக்குக் கொண்டுபோனீங்க. அந்த வாரக் கடைசியில பூஜா கேப்ல கொண்டுவந்து இறக்கினா. ஆன் பண்ணினா லினக்ஸோட அடையாளமாம், ஒரு பெங்குவின் படம். கேமும் இருந்துச்சு, ஸ்டியரிங்கும் திரும்புச்சு. ஒண்ணும் குறையில்லைன்னு நானும் கண்ணாடி லோடு ஒண்ணு எடுத்துக்கிட்டு கய்யூம் பாய் பின்னாடி கிளம்பினேன்.

லாரி ஓடலை மாப்பிள்ளை. விட்டு விட்டுத் தெரிஞ்சுது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டுறாப்புல ஒரு படம், அப்புறம் ஒரு படம். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சா லாரி கொஞ்சம் யோசிச்சுட்டு, அப்புறம் மொத்தமா ஒடிக்குது. ஹெட்போன்ல பாய் கேக்கிறார், "இன்னா அண்ணாச்சி, உங்க வண்டி நின்னுக்கினு கீது, திடீர்னு பறந்து வருது, குடிச்சிட்டு ஓட்டுறவன் கூட இப்டி ஓட்ட மாட்டான்." என்னைப் பார்த்து. தண்ணியே தொடாத என்னைப் பார்த்து. அடுத்த டோல்கேட்ல அவர் நின்னார், நானும் பிரேக்கை மிதிச்சேன், மிதிச்சது லாரிக்குத் தெரியறதுக்குள்ள அவர் பின்னாடி போய் மோதிட்டேன். இத்தனை வருஷம் பாண்டி பஜார்ல வேன் ஓட்டி ஒரு சைக்கிளை இடிச்சதில்லை நான்.

உடனே தங்களுக்குப் போன் போட்டேன். தாங்கள் ரொம்பப் பணிவா, "அது ஷேடர் கம்பைல் ஆகுது மாமா. ஒரு இடத்தை முதல் தடவை பார்க்கும்போது அதோட வெளிச்சம், நிழல் எல்லாத்தையும் மெஷின் அப்பதான் தயார் பண்ணும். அதே ரோட்ல ரெண்டு மூணு தடவை போனீங்கன்னா சரியாயிடும்"னீங்க. நம்பினேன். பாயையும் கூட்டிக்கிட்டு அதே ரோட்ல போனேன், வந்தேன், போனேன், வந்தேன். "அண்ணாச்சி, அந்த டோல்கேட்காரன் நம்மளப் பாத்து சிரிக்கிறான்"னார் பாய். நிழல் எல்லாம் நல்லாத் தயாராயிடுச்சு. லாரி மட்டும் ஆல்பம் புரட்டிக்கிட்டேதான் இருந்துச்சு.

அடுத்த தடவை போன் போட்டப்போ தாங்கள் சொன்னதை நான் மறக்க முயற்சி பண்ணிக்கிட்டிருக்கேன். அத்தையும் பக்கத்துல இருந்தா, போனும் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. "பிரச்சினை என்னன்னு பார்த்தேன் மாமா. டிரைவர் ரொம்பப் பழசாயிடுச்சு. அதை மாத்திட்டு வேற டிரைவரைப் போட்டா நல்லா ஓடும்"னீங்க. நான் போனை வச்சுட்டேன். அத்தை என்ன சொன்னா தெரியுமா? "அவுக சொன்னதுல என்ன தப்பு, உங்களுக்கும் வயசாயிட்டுல்லா"ன்னா. ரெண்டு நாள் நான் அந்த ரூம் பக்கமே போகலை. அப்புறம் பூஜா வந்து, "அப்பா, டிரைவர்னா நீ இல்லப்பா, அது கிராபிக்ஸ் கார்டை வேலை வாங்குற சாஃப்ட்வேர்"னு விளக்கினா. அதை முதல்லயே சொல்லியிருக்கலாம். லாரி ஓட்டுற ஒருத்தன்கிட்டப் பேசும்போது அந்த வார்த்தைக்கு முன்னாடி ஏதாவது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்றது நல்லதுன்னு என் தாழ்மையான அபிப்பிராயம்.

சரி, டிரைவரை மாத்துவோம்னு உட்கார்ந்தோம். தாங்கள் போன்ல சொல்லச் சொல்ல நான் ஸ்கிரீன்ல கட்டளை அடிக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன். பாஸ்வேர்ட் கேட்டுச்சு. அடிச்சேன். ஒரு எழுத்தும் விழலை. அழுத்தி அடிச்சேன். விழலை. கீபோர்டுக்கு பேட்டரி போயிடுச்சுன்னு டி.வி. ரிமோட்ல இருந்ததைக் கழட்டிப் போட்டேன், சீரியல் நேரத்துல அத்தை என்னைப் பார்த்த பார்வையைத் தாங்கிக்கிட்டேன். அப்பவும் விழலை. அப்பதான் தாங்கள் மெதுவா, "அது தெரியாது மாமா, ஆனா விழுது"ன்னீங்க.

"விழுந்தா தெரியணும்ல மாப்பிள்ளை."

"பாதுகாப்புக்காக மறைச்சு வச்சிருக்காங்க மாமா. பின்னாடி இருந்து யாரும் பார்த்துடக் கூடாதுன்னு."

வீட்ல நானும் அத்தையும்தான். அத்தை சீரியல் பார்க்க முடியாம ஹால்ல கோபமா உட்கார்ந்திருக்கா. யாரு மாப்பிள்ளை எட்டிப் பார்க்கப் போறா? ஆனாலும் கண்ணுக்குத் தெரியாததை நம்பி அடிச்சேன். பக்கம் பக்கமா ஏதோ ஓடி, தானா அணைஞ்சு, தானா எழுந்து, ஸ்கிரீன் பூரா கறுப்பு. மேல ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டுது. மறுநாள் அந்தக் கோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, தாங்கள் ஆபீஸ் மீட்டிங்ல இருந்துகிட்டே பதில் அனுப்பி, ஒருவழியா படம் திரும்ப வந்துச்சு. புது டிரைவர் வந்தாச்சு. லாரி பழைய டிரைவரைவிட மோசமா ஓடுச்சு.

அதுக்கப்புறம்தான் அந்த நம்பரை வச்சீங்க. ஸ்கிரீன் மூலையில, ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வருதுன்னு காட்டுற நம்பர். அறுபது இருந்தா பாலாட்டம் ஓடும், முப்பது இருந்தா சமாளிக்கலாம்னீங்க. எனக்குப் பதினாலு. ரவுண்டானாவுல பதினொண்ணு. மழை பேஞ்சா எட்டு. அதுவரைக்கும் நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினவன். அன்னியிலேர்ந்து மூலையைப் பார்த்து ஓட்டினேன். மூலையைப் பார்த்தா மரத்துல போய் மோதாம என்ன பண்ணும்? அடுப்படியில இருந்து அத்தை வேற, "இப்ப எத்தனை?"ன்னு குக்கர் விசில் கேக்குறாப்புல கேட்டுக்கிட்டே இருப்பா. ஒருநாள் பி.பி. பார்த்துட்டு, "அந்த நம்பர் எறங்க எறங்க உங்களுக்கு இங்க ஏறிக்கிட்டே போவுது, மாப்பிள்ளைட்டச் சொல்லி ரெண்டையும் மாத்தி வைக்கச் சொல்லுங்க"ன்னா.

கய்யூம் பாய் இதை லேக்னார். தங்ககிட்ட நானும் லேக்னு சொன்னப்போ, "லேக்னா நெட்டு மெதுவா இருக்கிறது மாமா, உங்களுக்கு ஆகுறது ஃபிரேம் டிராப், அது மெஷின்ல"ன்னு திருத்தினீங்க. திருத்தினது சரிதான். பின்னாடி இடி வாங்கின பாய்கிட்ட நான் இதைச் சொன்னேன். "எதுவா இருந்தா இன்னா, இடிச்சது நீங்கதான"ன்னுட்டார்.

கிராபிக்ஸைக் குறைங்கன்னீங்க. குறைச்சேன். மரத்துல இலை போச்சு. ரோட்ல நிழல் போச்சு. முதல் நாள் பூரா உட்கார்ந்து தயார் பண்ணின நிழல் அது. பிளாட்பாரத்துல நடந்த மனுஷங்க ஒருத்தரும் இல்லை, ஐரோப்பா பந்த் நாளாட்டம் ஆயிட்டுது. நம்பர் பதினேழு. ஜன்னல் ஆடுற அலங்காரத்தை எல்லாம் அணைங்கன்னீங்க, அணைச்சேன். கரன்ட் மிச்சம் பிடிக்கிற மோடுல இருக்கான்னு பாருங்கன்னீங்க, இருந்துச்சு, மாத்தினேன். ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சத்தம் போட்டுச்சு. நம்பர் பதினெட்டு. தாங்கள் உற்சாகமா, "பார்த்தீங்களா மாமா, ஏறுது"ன்னீங்க. நாலு நம்பர் ஏறினதுக்கு சந்தோஷப்படுற மாப்பிள்ளைகிட்ட என்னத்தச் சொல்ல.

சூட்டுல மெஷின் மெதுவாகும், தூசி தட்டணும்னு சொன்னதால கம்ப்யூட்டர் கடைங்க இருக்கிற ரிச்சி தெருவுல இருந்து அமீன்னு ஒரு மெக்கானிக்கை வரவழைச்சேன். பெட்டியைத் திறந்தவர் உள்ள கையை விட்டு, "இன்னா சார், ஒரு தலகாணிக்கு பஞ்சு கீதே உள்ள"ன்னார். துணிக்கடைக்காரன் வீட்டுல வேற என்ன இருக்கும்? எல்லாத்தையும் ஊதித் தள்ளி, புதுசா சூடு தணிக்கிற பசை தடவி மூடினார். ஆன் பண்ணினதும் பெங்குவினைப் பார்த்துட்டு ஒரு அடி தள்ளி நின்னார். "சார், இதுல போய் எவனாவது கேம் ஆடுவானா? இது சர்வருக்குப் போடுறது சார். எந்த வயரு எங்க இருந்துச்சோ கரெக்டா அங்கயே போட்டுட்டேன், என் வேலை சுத்தம். மீதி உங்க மாப்பிள்ளைய கேட்டுக்கோங்க"ன்னுட்டுப் போயிட்டார். என் வீட்டு மாப்பிள்ளை போட்டதைப் பார்த்து வெளி ஆள் ஒருத்தர் இப்படிச் சொல்லும்போது நான் என்ன பண்ணணும்? "அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, வேணும்னுதான் போட்டிருக்கார்"னு சொன்னேன். சொல்லிட்டு உள்ள வந்து பூஜாவுக்குப் போன் பண்ணி அடையாத்து விஷயத்தைச் சொன்னேன்.

இதெல்லாம்கூடப் பெரிசில்லை. போன ஞாயித்துக்கிழமை நடந்ததுதான் என் நெஞ்சுல நிக்குது. கய்யூம் பாய் ஸ்பெயின்ல இருந்து நார்வே வரைக்கும் ஒரு பெரிய லோடு எடுத்திருந்தார். வழியில ஒரு கீறல் விழாம கொண்டுபோய்ச் சேர்க்கணும்னு அந்த வாரம் பூரா பொறுமையா ஓட்டினார். கடைசிப் பாலத்துக்கு வந்தாச்சு. நான் தள்ளித்தான் பின்னாடி வந்தேன், ரொம்பத் தள்ளி. மழை பிடிச்சுது. என் ஸ்கிரீன்ல எல்லாம் அப்படியே நின்னுபோச்சு. திரும்ப ஓடினப்போ நான் பாலத்துல இல்லை. பாயோட லாரி மேல இருந்தேன். ரெண்டு வண்டியும் சேர்ந்து கவுந்து, அவர் லோடு பூரா தண்ணிக்குள்ள போயிட்டு.

நான் "பாய்"னேன். அவர் நிதானமாத்தான் சொன்னார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வண்டி சரியாகட்டும். அதுவரைக்கும் நான் இந்த கேம் ஆடுற பல்லாவரம் குரூப்போட ஓட்டிக்கிறேன்."

பிளாட்பாரத்துல யாரு சரக்கு ஸ்டாண்டு போடுறதுன்னு ஊரே அடிச்சுக்கிட்ட தெருவுல, பக்கத்துப் பக்கத்துக் கடையில இருந்துகிட்டு ஒருத்தரை ஒருத்தர் கடுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை நாங்க. அவர் கோபமாத் திட்டியிருந்தாகூடப் பரவாயில்லை. மறுநாள் சாயங்காலம் நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். யாரும் வரலை. கழட்டிட்டு பனகல் பார்க் போய் ரெண்டு சுத்து சுத்திட்டு வந்தேன்.

அதனாலதான் நேத்து, செவ்வாய்க்கிழமை, பூஜாவுக்குத் தெரியாம நேரா தங்களுக்குப் போன் போட்டேன். "மாப்பிள்ளை, எனக்கு ஷேடர் வேண்டாம், டிரைவர் வேண்டாம். உங்க மனசுல இந்த மெஷினைப் பத்தி என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க"ன்னேன். தாங்கள் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "மாமா, சிபியு பெட்டிக்குப் பின்னாடி ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா"ன்னீங்க. டார்ச் அடிச்சு எடுத்து அனுப்பினேன். வாட்ஸ்அப்ல தாங்கள் டைப் பண்றதாக் காட்டுது, நிக்குது, காட்டுது, நிக்குது. அதுவும் பதினாலு நம்பர்லதான் ஓடுச்சு. கடைசியா வந்துச்சு. "மாமா, மானிட்டர் வயர் மேல இருக்கிற துளையில சொருகியிருக்கு. அது போர்டுல இருக்கிற சின்ன கிராபிக்ஸ். கீழ படுக்கை வசத்துல இன்னொரு துளை இருக்கும், அதுதான் கேம் ஓட்டுற பெரிய கிராபிக்ஸ் கார்டு. அதுல சொருகிப் பாருங்க."

சொருகினேன். கேமைத் திறந்தேன். நம்பர் அறுபது. மழை பேஞ்சுது, அறுபது. ரவுண்டானா, அறுபது. மரத்துல இலை வச்சேன், மனுஷங்களை நடக்க விட்டேன், நிழலைப் போட்டேன். அறுபதைவிட்டு அசையலை.

அப்புறம் தங்களைக் கேட்டேன், ஞாபகம் இருக்கும். "இது உங்களுக்கு எப்ப தோணுச்சு மாப்பிள்ளை?"

"ரெண்டாவது நாளே தோணுச்சு மாமா."

"அப்ப ஏன் கேக்கலை?"

"உங்ககிட்ட வந்து, வயரை ஒழுங்கா சொருகினீங்களான்னு நான் எப்படி மாமா கேக்குறது? நீங்க தப்பா நினைச்சுட்டா? அதான், வேற காரணம் ஏதாவது இருக்கும்னு ஒவ்வொண்ணா பார்த்தேன்."

மாப்பிள்ளை, எனக்கு வந்த ஆத்திரத்தை இந்தக் காகிதம் தாங்காது. பூஜா பெட்டியைக் கொண்டுவந்து வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா, வயரை எல்லாம் சொருகினது நான்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒண்ணு கேக்குறேன். ஒரே அளவு, ஒரே வடிவம், ரெண்டு துளை. ரெண்டுலயும் சொருகினா படம் வருது. ஒரு சட்டைக்கு ரெண்டு கழுத்து வச்சுத் தைச்சு, இந்தக் கழுத்துல தலையை விட்டா மூச்சு முட்டும், அந்தக் கழுத்துல விட்டா முட்டாதுன்னு எங்க கடையில வித்தா ஜனங்க சும்மா விடுவாங்களா? படம் வரலைன்னா நானே மாத்திச் சொருகியிருக்க மாட்டேனா? துளை வச்சவன் தப்பு அது. அதுவும் போகட்டும். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேக்க தங்களுக்குக் கூச்சமா இருந்துச்சு, அதுக்குப் பதிலா என்னை மூணு வாரம் நிழல் தயார் பண்ண வச்சீங்க, கண்ணுக்குத் தெரியாத பாஸ்வேர்ட் அடிக்க வச்சீங்க, ஐரோப்பாவை மொட்டையடிச்சீங்க, என் டிரைவரை மாத்தினீங்க. கேட்டிருந்தா நான் என்ன, கடிச்சா வச்சிருப்பேன்? "ஆமா, கடிச்சுத்தான் வச்சிருப்பீங்க"ன்னு அத்தை இப்ப பின்னாடி நின்னு சொல்லுதா. அவ அபிப்பிராயத்தை நான் கேக்கலை.

லினக்ஸ் மேல தப்பு இல்லையே மாமான்னு தாங்கள் சொல்லலாம். எனக்கு அதுமேலயும் வருத்தம்தான். அந்தக் கறுப்புப் பெட்டியில எனக்குப் புரியாத ஆயிரம் விஷயத்தை அது பக்கம் பக்கமாச் சொல்லுது. உன் வயர் மாறியிருக்குய்யான்னு ஒரு வரி சொல்லலை. அதுக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கும். அதுவும் தங்களை மாதிரி மரியாதைக்காரன் போல.

ஆகவே என் முடிவைத் தெரிவித்துக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் நேரில் வந்து அந்தப் பெங்குவினை எடுத்துவிட்டு, பழையபடி எது இருந்ததோ அதையே போட்டுத் தரவும். பாதுகாப்பு இல்லாவிட்டால் பரவாயில்லை, என் வீட்டில் திருடன் வந்தால் அத்தை பார்த்துக்கொள்வாள். இனிமேல் என்னிடம் கேட்க வேண்டியது எதுவாக இருந்தாலும் நேராகக் கேட்கவும், பூஜா வழியாக வேண்டாம். நானும் நேராகத் திட்டுகிறேன். அதுதான் இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

தாங்களும் பூஜாவும் எல்லாச் செல்வமும் பெற்று, நீண்ட ஆயுளோடு, நல்ல நெட்டோடு வாழ முருகனை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மாமனார்
சண்முகவேல்

பி.கு.: கவரை ஒட்டுறதுக்குள்ள கய்யூம் பாய் வாசல்ல வந்து நிக்கிறார். ரூபீனாதான் போக மாட்டேன்னவரைப் பிடிச்சு அனுப்பியிருக்கா. பல்லாவரம் குரூப்ல யாரும் பேச மாட்டேங்கிறாங்களாம், ஓட்டிக்கிட்டே போறாங்களாம். நான் அவரை உட்கார வச்சு ஒரு டிரிப் ஓட்டிக் காட்டினேன். மூலையில நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எனக்கே இவ்ளோ வராது அண்ணாச்சி, யாரு போட்டது இது"ன்னார். என் மாப்பிள்ளைன்னேன். அப்புறம் காபி ஆறிப்போற வரைக்கும் தங்களைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்னு அத்தை சொல்லுதா, எனக்கு ஞாபகமில்லை. அவர் மெஷினும் என்னோட மெஷின் வயசுதான், அதுலயும் புது விண்டோஸ் ஏறாதாம். அதனால லினக்ஸை எடுக்க வேண்டாம். யாரையும் தொடவிடவும் மாட்டேன். ஞாயித்துக்கிழமை லினக்ஸ் வச்சிருக்கிற பென்டிரைவை எடுத்துக்கிட்டு நேரா சைதாப்பேட்டை பாய் வீட்டுக்கு வந்துடுங்க, அவருக்கும் போட்டுக் கொடுத்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு நாம ரெண்டு பேரும் இங்க வந்துடலாம். அத்தை வாழைக்காய் வறுவல் பண்றா. தாங்கள் தனியா சிரமப்பட வேண்டியதில்லை, நானும் கூட இருப்பேன். வயர் சொருகுற வேலையை மட்டும் என்கிட்ட விட்டுடுங்க.